சூரியனை வெட்டினால் பாவமில்லை

போன இதழில் சாயங்கால மலைப் படங்களை அனுப்பச் சொல்லியிருந்தோம். படங்களைவிடக் கேள்விகள்தான் அதிகம் வந்தன, அதிலும் பாதிக்கு மேல் கிராப் பற்றி, அதாவது எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிச் சுருக்குவது பற்றி. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் மேற்கே மலைதான். சாயங்காலம் எடுக்கிற படத்தில் வானம் நன்றாக வந்தால் மலை கரி பூசியதுபோல் ஆகிவிடுகிறது, மலையைத் தெரிய வைத்தால் வானம் வெளுத்துப்போகிறது. போனை மாற்ற வேண்டுமா? (கம்பத்திலிருந்து ஒரு வாசகர்)

போனை மாற்ற வேண்டாம், நீங்கள் திரும்பி நின்றால் போதும்.

தென்காசி, தேனி, கோவை என்று எந்தச் சமவெளியில் நின்றாலும் மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு மேற்கே இருக்கிறது, சூரியன் அதற்குப் பின்னால்தான் விழும். அப்படியென்றால் நாம் பார்க்கிற பக்கத்தில் அந்த நேரத்தில் வெயிலே கிடையாது. காலையில் ஆறரை, ஏழு மணிக்கு அதே மாடியில் ஏறிப் பாருங்கள், பாறையின் வெடிப்பு, அருவி வழிந்த கறை, சோலைக்காடு எங்கே முடிந்து புல்வெளி எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் தனித்தனியாகத் தெரியும். சாயங்கால வெயிலில் அப்படிப் பார்க்கிற யோகம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருப்பவர்களுக்குத்தான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை மேலேயே இருக்கிறவர்கள் கணக்கு வேறு.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கு ஒரு விதிவிலக்கு. உங்களுக்குக் கிழக்கேயும் தென்கிழக்கேயும் மேகமலை நிற்கிறது. மேற்கு மலையில் சூரியன் இறங்க இறங்க, அந்த மலையின் நிழல் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் மேகமலையின் அடிவாரத்திலிருந்து மெதுவாக மேலே ஏறும். கடைசியில் உச்சி மட்டும் செம்மண் நிறத்தில் மிஞ்சும். எல்லாரும் மேற்கே பார்த்துப் போனைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது படம் உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது.

மேற்கேதான் எடுப்பேன் என்றால் மலை கறுப்பாக வருவதை ஒத்துக்கொள்ளுங்கள். திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்துவிடுங்கள். வெளுத்துப்போன வானத்தை அப்புறம் எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. கறுப்பைக் கொஞ்சம் தூக்கலாம். ரொம்பத் தூக்கினால் மலை அழுக்குச் சாம்பல் நிறத்தில் வரும், இப்போதைய போன்கள் ஹெச்டிஆர் என்ற பெயரில் நம்மைக் கேட்காமலே இதைச் செய்கின்றன. எனக்கு அது பிடிக்காது. மலை கறுப்பு என்றால் அதன் விளிம்புக் கோடுதான் படம். அந்தக் கோட்டில் ஏற்றம் இறக்கம், பல் பல்லாக நிற்கிற பாறை, ஒற்றை மரம் ஏதாவது இருக்கிற இடமாகப் பார்த்து எடுங்கள். கிராப் செய்யும்போது அந்தக் கறுப்பு கால்வாசிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒன்றும் தெரியாத இடத்துக்கு எதற்குப் பாதி படம்?

கேள்வி: சிறுவாணி ரோட்டில் நின்று வெள்ளியங்கிரி பக்கம் பார்த்து எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். நேரில் அசத்தலாக இருந்தது. படத்தில் என்னவோ குறைகிறது. எங்கே வெட்டுவது என்றே புரியவில்லை. (கோவை வாசகர்)

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் கேமரா, அதாவது அகலம் 6000, உயரம் 4000 புள்ளிகள். மேலே காலியான வானம், அதற்குக் கீழே ஒரே ஒரு கீற்று மேகம். இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், மலைக்குச் சற்று மேலே சூரியன். வலது பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து மலை மடிப்பு, தூரம் போகப் போக நிறம் வெளுக்கிறது. அடியில் தென்னந்தோப்பு, முழுக் கறுப்பு. வலது கீழ் மூலையில் ஒரு மின்கம்பம், அதிலிருந்து தொங்குகிற கம்பிகள்.

குறை என்று எதுவும் இல்லை. இருப்பது அதிகம். இதில் இரண்டு படங்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று சூரியன் விழுகிற படம், இன்னொன்று மடிப்பு மடிப்பாக மலை போகிற படம். இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதால் பார்க்கிறவர் கண் சூரியனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. அதுதான் படத்திலேயே அதிக வெளிச்சமான புள்ளி, கண் அங்கே போகாமல் இருக்காது. மடிப்புகள் வெறும் பின்னணி ஆகிவிட்டன.

முதலில் முதல் படத்தைப் பார்ப்போம். தென்னந்தோப்பில் கீழிருந்து 1100 புள்ளி உயரத்துக்கு வெட்டுங்கள், மின்கம்பத்தின் பெரும்பகுதியும் அதோடு போய்விடும், மிச்சம் இருக்கிற நுனியை டச்-அப்பில் அழித்துக்கொள்ளலாம். தோப்பை முழுசாக எடுத்துவிடாதீர்கள், ஓலை நுனிகள் தெரிகிற மாதிரி ஒரு 200 புள்ளி பட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மலை அந்தரத்தில் மிதக்கும். மேலே மேகக் கீற்றைத் தாண்டி இருக்கிற வெறும் வானத்தில் 700 புள்ளி போகட்டும். இப்போது கையில் இருப்பது 6000-க்கு 2200, நீளமான பட்டை. 18 அங்குல அகலத்துக்கு பிரிண்ட் போட்டாலும் தாராளமாகத் தாங்கும்.

இரண்டாவது படத்துக்கு சூரியனையே வெட்டுங்கள். ஆமாம், சூரியனைத்தான். வலது பக்கம் மடிப்புகள் மட்டும் இருக்கிற மாதிரி 2700-க்கு 1800 எடுங்கள், தோப்பு வேண்டாம், மேகமும் அவ்வளவாக வேண்டாம். முன்னால் இருக்கிற மடிப்பு அடர்நீலம், அடுத்தது கத்தரிப்பூ, அதற்கடுத்தது பழுப்பு, கடைசி மடிப்பு வானத்தோடு கரைந்தே போய்விட்டது. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்கிற யாருக்கும் தெரியும், சூரியனைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. சூரியன் இருக்கிற ஆயிரம் படங்களை நாம் தினமும் போனில் தள்ளிவிட்டுப் போகிறோம். இந்த இரண்டாவது படத்தில்தான் நான் கொஞ்சம் நின்றேன்.

எங்கே வெட்டுவது என்பதற்கு மூன்றில் ஒரு பங்கு விதி (முக்கியமானதை நடுவில் வைக்காமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைப்பது) என்று எல்லாரும் சொல்வார்கள், தப்பில்லை, ஆனால் மலைப் படத்தில் அதைவிட நான் முதலில் பார்ப்பது ஓரங்களைத்தான். சரிவான மலைக்கோடு படத்தின் மூலையில் போய் முட்டக்கூடாது, மூலைக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வெளியேறட்டும். சிகரத்தின் உச்சிக்கும் மேல் ஓரத்துக்கும் நடுவே மூச்சு விட இடம் வேண்டும். உச்சியை வெட்டுவதென்றால் தெரிந்தே வெட்டியது என்று தோன்றும்படி நன்றாக உள்ளே வந்து வெட்டுங்கள். நூலிழை வெட்டு கைத்தவறு மாதிரிதான் தெரியும்.

இன்னொரு பழைய வழி இருக்கிறது. ஒரு சின்ன பிரிண்ட் போட்டு மேஜையில் வையுங்கள். அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, எதிரெதிராக அதன்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே இருங்கள். இருட்டறைக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். திரையில் விரலால் இழுக்கும்போது அவசரம் வந்துவிடுகிறது, அட்டையில் அது வராது.

கேள்வி: கண்ணுக்குத் தாம்பாளம் மாதிரி தெரிந்த சூரியன் போன் படத்தில் கடுகு மாதிரி இருக்கிறது. கிராப் செய்து பெரிதாக்கினால் உடைந்துபோகிறது. என்ன செய்யலாம்? (கோத்தகிரி வாசகி)

சூரியன் வானத்தில் பிடிக்கிற இடம் அரை டிகிரிதான். அடிவானத்துக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்கிற வேலை, அளந்தால் உச்சிவேளைச் சூரியனைவிடப் பெரிதாக இருக்காது, காற்றில் ஒளி வளைவதால் மேலும் கீழும் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கும்.

போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்சுக்குச் சமம் (மி.மீ. கூடக் கூடக் காட்சி குறுகி, தூரத்தில் இருப்பது பெரிதாக வரும்). அது 70 டிகிரி அகலத்தை அள்ளுகிறது, அதில் அரை டிகிரி எம்மாத்திரம்? பெரிய கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் போட்டால்கூட சென்சாரில் சூரியன் விழுவது 1.8 மி.மீ. வட்டமாகத்தான், படத்தின் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. பத்திரிகைகளில் மலைக்குமேல் பூசணிக்காய் அளவுக்கு வருகிற சூரியனெல்லாம் 400, 600 மி.மீ. லென்சில் எடுத்தது.

கிராப் இதற்கு மாற்றாகாது. 12 மெகாபிக்சல் போன் படத்தை 200 மி.மீ. லென்சில் எடுத்த மாதிரி ஆக்க வேண்டுமென்றால் அகலத்தில் 4000 புள்ளியிலிருந்து சுமார் 500-க்கு வர வேண்டும். அதில் வாட்ஸ்அப் முகப்புப் படம் வைக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. போனில் தூரத்தைக் கிட்டே கொண்டுவருகிற தனி டெலி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் சூரியனைப் பெரிதாக்குகிற ஆசையை விட்டுவிட்டு மலையைப் பாருங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?

அப்புறம் ஒரு எச்சரிக்கை. டெலி லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும். பின்பக்கத் திரையில் பார்த்து எடுங்கள்.

கேள்வி: பொங்கல் லீவில் எங்கள் ஊர் வயலில் நின்று எடுத்தபோது சூரியன் இரண்டு குன்றுகளுக்கு நடுவில் கச்சிதமாக இறங்கியது. கை ஆடிப் படம் பாழானது. மே மாதம் அதே வரப்பில் போய் நின்றால் சூரியன் எங்கோ வலது பக்கம் போய்விட்டது! (தென்காசி வாசகர்)

ஒன்றாம் வகுப்பில் நாம் எல்லாரும் வரைந்த படம்தானே அது, இரண்டு மலை, நடுவில் சூரியன்! அதை நிஜத்தில் பிடிக்க நாள் பார்க்க வேண்டும்.

மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில்தான் சூரியன் நேர் மேற்கே மறையும். நம் அட்சரேகையில் ஜூன் கடைசியில் அது மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே போய்விடும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. கையை நேராக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. பொங்கலுக்கும் மே மாதம் நடுவுக்கும் இடையே கிட்டத்தட்ட நாலு முஷ்டி வித்தியாசம் வரும், நீங்கள் பார்த்தது அதைத்தான்.

வருத்தப்பட வேண்டாம், ஒரு வருஷம் காத்திருக்கவும் வேண்டாம். டிசம்பர் 21-க்கு முன்னால் எத்தனை நாளோ அதே கணக்கில் பின்னாலும் சூரியன் அதே இடத்துக்கு வரும். பொங்கலன்று விழுந்த இடத்தில் நவம்பர் 28 வாக்கில் மறுபடி விழும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மேகம் மறைக்கலாம், மழை விட்ட சாயங்காலம் கிடைத்தால் பொங்கலைவிடச் சுத்தமான காற்றும் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய் நில்லுங்கள். வரப்பில் இடது வலதாக நகர்ந்தால் குன்றுகளின் இடைவெளியும் நகரும் என்பதால் அதே நாள்தான் என்ற கட்டாயமும் இல்லை. சூரிய வட்டம் அதன் விளிம்பு தொட்டதிலிருந்து முழுசாக மறைய இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகும், அதனால் ட்ரைபாடை முன்னமே ஊன்றிவிடுங்கள்.

கேள்வி: கிராப் செய்வது ஏமாற்று வேலை என்று எங்கள் போட்டோ கிளப்பில் ஒரு பெரியவர் சொல்கிறார். பிரெஞ்சு போட்டோகிராபர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸோன் கிராப்பே செய்ததில்லையாமே? (சேலம் வாசகர்)

கிராப்பை அவர் வெறுத்தது உண்மை. நெகட்டிவின் கறுப்பு ஓரமும் சேர்ந்து வரும்படி பிரிண்ட் போடச் சொல்வார். ஆனால் அவருடைய மிகப் பிரபலமான படங்களில் ஒன்று, 1932-இல் பாரிஸில் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிற மனிதர், கிராப் செய்யப்பட்டதுதான். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததில் ஒரு பலகை படத்துக்குள் வந்துவிட்டது. பெரியவரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்.

மலைப் படத்தில் பல சமயம் கிராப் செய்யாமல் முடியாது. தெருவில் என்றால் இரண்டடி முன்னால் போகலாம், வ்யூ பாயிண்டில் கம்பித் தடுப்பைத் தாண்டி முன்னால் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நேரில் பார்த்த ஆரஞ்சு நிறம் படத்தில் வருவதே இல்லை. எடிட் செய்து ஏற்றினால் சாயம் போட்ட மாதிரி ஆகிறது. (ஏற்காடு வாசகி)

கேமராவில் நிறத்தைச் சரிக்கட்டுகிற ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கும். ஆரஞ்சைக் கண்டால் அதைக் குறை என்று நினைத்து நீலத்தைக் கலந்து சரி செய்துவிடுவது அதன் வழக்கம். டேலைட் அல்லது கிளவுடி என்று மாற்றி வையுங்கள், அவ்வளவுதான். ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைல்) எடுத்திருந்தால் வீட்டுக்கு வந்தும் மாற்றலாம். முதலில் போன் லென்சை நல்ல துணியால் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் சூரியன் வழிந்துபோய்ப் பாதி நிறத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: சூரியன் மறைந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் நின்றால் பிரயோஜனம் உண்டா? (கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த மதுரை வாசகர்)

உண்டு. நான் மறைவதற்கு முன்னால் எடுத்ததைவிடப் பின்னால் எடுத்ததைத்தான் அதிகம் வைத்துக்கொள்கிறேன்.

மறைந்த சில நிமிஷங்களில் உயரமான மேகங்களின் அடிப்பக்கம் சிவக்கும். அதே நேரம் கிழக்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டி மங்கலான நீலச்சாம்பல் பட்டை ஒன்றும், அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தெரியும். கீழே இருக்கிற அந்த நீலப் பட்டை பூமியின் நிழல், காற்றின்மேல் விழுந்திருக்கிறது. தூசி இல்லாத நாளில் மலைமேல் நின்றால் நன்றாகவே தெரியும். இதைப் படத்தில் பிடித்தால் கீழே கொஞ்சம் மலையை வைத்துக்கொண்டு, இரண்டு பட்டைகளும் முழுசாக இருக்கும்படி வெட்டுங்கள். அகலம் குறைந்தாலும் பரவாயில்லை, உயரம் வேண்டும்.

நேரம் குறைவு, அதை மட்டும் மனசில் வையுங்கள். நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் மறைந்து இருபது நிமிஷம் சொச்சத்தில் இருட்டு கட்டிவிடும். ஐரோப்பியர்கள் எழுதுகிற குறிப்புகளில் அந்தி நேரம் நீண்டுகொண்டே போகும், அதை நம்பி இங்கே டீ குடிக்கப் போய்விடாதீர்கள். ஷட்டர் அரை விநாடி வரைக்கும் திறந்தே இருக்கும் என்பதால் ட்ரைபாட் இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரிலாவது கேமராவை அழுத்தி வையுங்கள்.

பல காட்சிமுனைகளில் மாலையானதும் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள், அதனால் ரோட்டோரமாகப் பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடத்தைப் பகலிலேயே பார்த்து வைக்க வேண்டும். திரும்பும்போது டார்ச் கட்டாயம். கொடைக்கானல் ரோடுகளில் இருட்டியதும் காட்டுமாடு சாதாரணமாக நிற்கும். கறுப்பு உடம்பு, ஹெட்லைட்டில் முதலில் தெரிவது வெள்ளைக் கால்கள்தான். வால்பாறை பக்கம் போகிறவர்களுக்கு 40 கொண்டை ஊசி வளைவோடு யானையும் உண்டு.

கேள்வி: மலைச் சிகரத்துக்கு மேல் நூலளவு இடம் விட்டு அழகாக எடுத்திருந்தேன். 12-க்கு 18 சைசில் பிரிண்ட் போட்டுக் கேட்டால், ஸ்டுடியோவில் சிகரத்தின் உச்சியை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். சண்டை போடலாமா? (திண்டுக்கல் வாசகி)

வேண்டாம், அவர்கள்மேல் பாதித் தப்புதான். போன் படம் 4:3 அளவு. 12-க்கு 18 என்பது 3:2. உங்கள் படம் அகலம் 4032, உயரம் 3024 புள்ளி. அந்தத் தாளை நிரப்ப 2688 புள்ளி உயரம் போதும், மிச்சம் 336 புள்ளி எங்காவது போயாக வேண்டும். படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு! இயந்திரம் மேலும் கீழும் சமமாக எடுத்துவிடும், அதற்குச் சிகரம் என்ன தெரியும், புல் என்ன தெரியும்? கேட்டுவிட்டு வெட்டியிருக்கலாம் என்பது அவர்கள் பங்குத் தப்பு.

எந்தச் சட்டம் வாங்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதே விகிதத்தில் நீங்களே கிராப் செய்து கொடுங்கள். உங்கள் படத்தில் கீழே நிறையப் புதர் இருக்கிறது, 336 புள்ளியையும் அங்கிருந்தே எடுத்துவிடலாம். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கிவிடும்.

கேள்வி: கிராப் செய்து சேமித்த பிறகு ஒரிஜினலை அழித்துவிடலாமா? போனில் இடமே இல்லை. (அதே திண்டுக்கல் வாசகி)

அழிக்காதீர்கள். அதே படத்தை நாளைக்கு ஸ்டேட்டஸுக்கு 9:16-இல் நெட்டுக்குத்தாகக் கேட்பார்கள், அடுத்த வருஷம் காலண்டருக்குப் படுக்கையாகக் கேட்பார்கள். இடம் வேண்டுமென்றால் குடும்ப குரூப்பில் வருகிற குட் மார்னிங் படங்களிலிருந்து ஆரம்பியுங்கள்.